வரப்போர முள்ளுச்செடியை வெட்டாதீர்கள்: கத்திரிக்கு அதன் காட்டுச் சொந்தத்தைத் துணைக்கு அழைக்கும் முறை

தை மாதக் காலையில் கத்திரிப் பாத்திக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது தலை தொங்கிய குருத்துகள்தான். நேற்று சாயங்காலம் நன்றாக நின்ற நுனி, இன்றைக்கு வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடக்கும். அதைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்பது அதுதான். குருத்தில் ஆரம்பித்து, பிஞ்சு விட்டதும் காம்புத் தொப்பிக்கு அடியில் நுழைந்து காயைத் தின்னும். உள்ளே போனபின் நாம் மேலே என்ன தெளித்தாலும் அதற்கு உறைக்காது.

காரைக்குடி பக்கம் கண்மாய்க் கரையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலம் இருக்கிறது. ஒரு வருடம் கடையில் கொடுத்த மருந்தை வாரம் தவறாமல் அடித்தும் பறித்த காயில் பாதியை மாட்டுக்குத்தான் போட்டோம். அப்போது வேலைக்கு வரும் அக்கா, வரப்பில் நின்ற காட்டுக்கத்திரியைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏன் தம்பி ஒண்ணும் வரமாட்டேங்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுத் தோட்டத்தில் நாலு செடி வைத்திருப்பவர்களும் செய்யலாம், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களும் செய்யலாம்.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும்

நம் பக்கத்தில் கத்திரியின் சொந்தபந்தங்கள் நிறையவே உண்டு. தூதுவளை, மணத்தக்காளி, கண்டங்கத்திரி, சுண்டை எல்லாம் ஒரே பேரினம். ஆனால் இவற்றில் கத்திரியோடு இயல்பாகச் சேர்ந்து விதை கொடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சொலானம் இன்சானம் என்று தாவரவியலில் பெயர், நாம் காட்டுக்கத்திரி என்போம். இன்றைக்கு நாம் சமைக்கும் கத்திரி இந்தக் காட்டுச் செடியிலிருந்துதான் வந்தது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள்.

இலையைப் பார்த்தால் கத்திரி மாதிரியே இருக்கும், பூவும் அதே ஊதாதான். தண்டு, இலை நரம்பு, காயின் தொப்பி எங்கும் முள். காய் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது, பச்சை மேல் கரும்பச்சை வலை போட்டது போல் கோடு ஓடும், பழுத்தால் மஞ்சள். இதைக் கண்டங்கத்திரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் காயிலும் வரி உண்டு, மஞ்சளாகத்தான் பழுக்கும். ஆனால் அது தரையோடு தரையாகப் படரும், இலையின் மேலேயே நீளநீளமாக மஞ்சள் முள் குத்திட்டு நிற்கும். காட்டுக்கத்திரி நிமிர்ந்து நிற்கும் செடி. கண்மாய்க் கரை, ரோட்டோரம், ஆள் குடியில்லாமல் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டு என்று மாடு தொடாத இடமாகப் பார்த்துத் தேடுங்கள்.

சுண்டையை நான் சொல்லவே வேண்டாம். வற்றல் போடாத வீடு நம் பக்கம் உண்டா என்ன. ஆனால் குழம்புக்கு ஆகும் அதே செடி கத்திரிக்கு வேராகவும் ஆகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தப்பித்த செடியா, எதிர்த்த செடியா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வரப்பில் தனியாக நிற்கும் ஒரு செடியில் புழு இல்லை என்பதாலேயே அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. தாய் அந்துப்பூச்சி அந்தப் பக்கம் வராமலே போயிருக்கலாம். பத்தடி தள்ளி இளசாக ஐம்பது கத்திரிச் செடி நிற்கும்போது அது ஏன் முள்ளுக்குள் போய் முட்டை இடப்போகிறது? எனவே அந்தச் செடியின் விதையை எடுத்து, நாற்று விட்டு, உங்கள் பாத்திக்கு உள்ளேயே கொண்டுவந்து வையுங்கள். ஒரு வரிசை கத்திரி, ஒரு வரிசை காட்டுக்கத்திரி என்று மாற்றி மாற்றி. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே பூச்சி. பல இடத்துச் செடிகளிலிருந்து விதை எடுப்பது முக்கியம். கானாடுகாத்தான் பக்கத்துச் செடி தாங்கியதைத் தேவகோட்டைப் பக்கத்துச் செடி தாங்காமல் போகலாம், காட்டுச் செடியில் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம் உண்டு.

நெல்லில் நடந்த கதை இதற்கு நல்ல சாட்சி. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் நோய், பயிரைப் புல் மாதிரி குட்டையாக்கிவிடும். 1960-களின் கடைசியில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் ரகம் தேடி 6,000-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தது. தாங்கியது ஒன்றே ஒன்று, உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்கிற காட்டு நெல். அதிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை, சில செடிகள்தான். அந்தச் சில செடிகளின் மரபணுதான் ஐ.ஆர்.36 போன்ற ரகங்களுக்குள் போய் ஆசியா முழுக்கப் பரவியது. நாலு செடியை மட்டும் பார்த்துவிட்டு "சரிப்படாது" என்று விட்டிருந்தால் அது கிடைத்தே இருக்காது.

பாத்தியில் வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், செடி வாரியாக எண்ணுங்கள். எத்தனை குருத்து வாடியது, எத்தனை காயில் துளை. எண்ணியதும் வாடிய நுனியை ஓர் அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள், புழுவை வளர்க்க வேண்டாம். ஒரு ரூல்டு நோட்டு போதும். இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம், தொடர்ந்து குறைவாக வந்த செடியின் வழிதான் நமக்கு வேண்டும்.

சம்படச் சோதனை

புழுவை வைத்து வீட்டில் சோதிப்பது கஷ்டம். ஆனால் இலை தின்னும் புள்ளி வண்டை வைத்துச் சுலபமாகச் செய்யலாம். முதுகில் 28 புள்ளி உள்ள செம்பழுப்பு வண்டு, இலையின் பச்சையை மட்டும் ஏணிப்படி மாதிரி சுரண்டித் தின்று நரம்பை விட்டுவைக்கும், பார்த்திருப்பீர்கள். அசுவினியைத் தின்னும் நல்ல பொறிவண்டோடு குழம்பவேண்டாம், அது பளபளவென்று இருக்கும், இது மேலே மெல்லிய பூனைமயிர் படர்ந்து மங்கலாக இருக்கும்.

ஒரு எவர்சில்வர் சம்படத்தில் ஈரத்துணி விரித்து, ஒரு ஓரத்தில் கத்திரி இலை, எதிர் ஓரத்தில் காட்டுக்கத்திரி இலை, இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு. நடுவில் பத்து வண்டு. மூடியில் வெள்ளைத் துணி கட்டி இருட்டான இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் வைத்துப் பாருங்கள். இது போதாது. இன்னொரு சம்படத்தில் காட்டு இலையை மட்டும் வையுங்கள், வேறு சோறே இல்லை என்கிற நிலையில் வண்டு என்ன செய்கிறது? நன்றாகத் தின்று முட்டையும் இட்டால், அந்த இலை அதற்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தின்றும் வளராமல், வண்டின் புழு சிறுத்துச் செத்தால் அந்த இலைக்குள் ஏதோ சரக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த ரெஜினால்டு பெயின்டர் 1951-ல் இந்த எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தார். பூச்சி விரும்பாமல் ஒதுங்குவது ஒன்று. தின்ற பூச்சிக்கே கேடு வருவது இரண்டு. கடி வாங்கியும் செடி விளைச்சல் கொடுப்பது மூன்று. நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், முதல் வகையை மட்டும் நம்பி ஊர் முழுக்க அதையே நட்டால் பூச்சிக்கு வேறு வழி இல்லாமல் அதையே தின்னப் பழகிவிடும்.

அப்புறம், ஒரு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி இலையின் அடிப்பக்கத்தை அதில் பார்த்தால் மயிர் ஒற்றை ஒற்றையாக இருக்காது, சின்னச் சின்ன நட்சத்திரமாக, ஒரு புள்ளியிலிருந்து ஏழெட்டுக் கை விரித்து நிற்கும். முதல் முறை பார்த்தபோது நான் வேலையை மறந்து அரை மணி நேரம் அங்கேயே குந்திவிட்டேன். அந்த நட்சத்திரங்கள் நெருக்கமாக இருந்தால் தத்துப்பூச்சிக்கு வாய் இலைத்தோலை எட்டுவது சிரமம். பக்கத்தில் தக்காளி இருந்தால் தண்டை விரலால் தடவிப் பாருங்கள், பச்சை மஞ்சளாகக் கறை ஒட்டும். அது சுரப்பி மயிரின் நுனி உடைந்து வந்த சாறு. பெரு, ஈக்வடார் மலைகளில் உள்ள காட்டுத் தக்காளிகளில் இந்தச் சுரப்பி பல மடங்கு வீரியமானது. சிலவற்றின் சாறு பசை மாதிரி, வெள்ளை ஈ காலை வைத்தால் எடுக்க முடியாது. சிலவற்றின் சாறு பூச்சிக்கு நேரடி விஷம்.

ஆனால் மயிர் என்றாலே நல்லது என்று நினைக்கவேண்டாம். பருத்தியில் மயிர் அடர்ந்த இலை தத்துப்பூச்சியைத் தடுக்கும், அதே இலைக்கு வெள்ளை ஈ கூடுதலாக வரும், காய்ப்புழு அந்துப்பூச்சியும் அங்கேதான் விரும்பி முட்டையிடும். உங்கள் நிலத்தில் எந்தப் பூச்சி பெரிய தொல்லை என்று பார்த்துத்தான் தேர்வு.

சுண்டை வேரில் கத்திரி

உடனே பலன் வேண்டும் என்பவர்களுக்கு இது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒட்டுக் கட்டினால் காய்ப்புழு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேரின் குணம் வேரோடு நிற்கும். மேலே இருக்கும் கத்திரி பழைய கத்திரிதான், அதே இலை, அதே சதை, அதே புழு. சுண்டை வேர் தாங்குவது பாக்டீரியா வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும். நம் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் நூற்புழுவுக்குத் தோதானவை என்பதால் இதுவே பெரிய லாபம். பூச்சி வேரைத் தின்னும்போதுதான் ஒட்டு நேரடியாகப் பூச்சியைத் தடுக்கும். பிரான்சில் 1860-களில் ஃபிலாக்செரா என்கிற சாறுறிஞ்சிப் பூச்சி திராட்சை வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தபோது, அந்தப் பூச்சியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேரில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள், இன்றும் உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அந்த வேரில்தான் நிற்கின்றன.

சரி, செய்முறை. சுண்டை விதை மெதுவாகத்தான் முளைக்கும், இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அதனால் வைகாசிக் கடைசியில் சுண்டையை விதைத்து, ஆனிக் கடைசியில் கத்திரியை விதையுங்கள், ஆடிக் கடைசியில் இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வரும். பருமன் பொருந்தாவிட்டால் ஒட்டு பிடிக்காது, அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். புது பிளேடால் சுண்டையை இரண்டு விரற்கடை உயரத்தில் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குப் பிளவு. கத்திரி நாற்றின் பெரிய இலைகளை நீக்கிவிட்டு, தண்டின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அந்தப் பிளவில் சொருகி கிளிப் போடுங்கள். வெட்டிய முகம் காயக் கூடாது, பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை இது. பாலித்தீன் மூடிய நிழல் கூண்டில் ஏழிலிருந்து பத்து நாள், உள்ளே எப்போதும் ஈரப்பதம் நிற்க வேண்டும். பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்குங்கள்.

நடும்போது ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மண் அணைத்து மூடிவிட்டால் கத்திரித் தண்டே வேர் விடும், சுண்டை வேர் இருந்தும் இல்லாத கதைதான். ஒட்டுக்குக் கீழே சுண்டைத் துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.

கலப்பு: பொறுமை உள்ளவர்களுக்கு

காயையும் குருத்தையும் காப்பாற்றும் குணம் வேண்டுமானால் மகரந்தம் மாற்றித்தான் ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், மகரந்தம் நனைந்து வீணாகும். மார்கழி பாதிக்குமேல் தை வரை நல்ல காலம்.

கத்திரி தாய், காட்டுக்கத்திரி தகப்பன். கத்திரிப் பூவை உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். சில பூக்களில் சூல்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் உள்ளேயே குட்டையாக ஒடுங்கியிருக்கும். குட்டைப் பூ காய் பிடிக்காது. நீண்டது மட்டும்தான் நமக்கு. மறுநாள் விரியப்போகும் மொட்டு, அதாவது நன்றாகப் பருத்து இதழ் ஓரம் ஊதா தெரிய ஆரம்பித்தது, அதைச் சாயங்காலம் இடுக்கியால் மெல்லப் பிரித்து உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளையும் எடுத்துவிடுங்கள். நடுத்தண்டில் இடுக்கி படக் கூடாது. வெண்ணெய்த்தாள் உறை மாட்டுங்கள். அதே சாயங்காலம் காட்டுக்கத்திரியின் மொட்டுக்கும் ஓர் உறை, இல்லாவிட்டால் தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவியிருக்கும்.

மறுநாள் காலை ஏழிலிருந்து பத்துக்குள் காட்டுப் பூவைப் பறித்து வாருங்கள். கத்திரி இனத்தின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது, நுனியில் உள்ள இரண்டு பொத்தலில்தான் பொடி வரும். அதனால் சும்மா உதறினால் ஒன்றும் விழாது. குண்டூசியால் பையை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் பொடியை நகத்தில் தட்டி எடுத்து, அதைச் சூல்தண்டின் பச்சை முனையில் தொட்டு வையுங்கள். மறுபடி உறை. காம்பில் நூலில் அட்டை கட்டித் தேதி எழுதுங்கள். காய் பிடித்ததும் உறையைக் கழற்றலாம். விதைக்கு ஐம்பது அறுபது நாள் விட வேண்டும், காய் முழுக்க மஞ்சள் பழுப்பாக மாறும்வரை.

அந்த விதையில் வரும் முதல் தலைமுறையைப் பார்த்து மனம் தளராதீர்கள். முள்ளும் கசப்பும் சின்னக் காயுமாகத்தான் இருக்கும், பாதி காடு அல்லவா. அதன் மகரந்தத்தை மறுபடி உங்கள் கத்திரியில் வைத்தால் காட்டுப் பங்கு சராசரியாக நாலில் ஒன்று, இன்னொரு முறை வைத்தால் எட்டில் ஒன்று. ஒவ்வொரு முறையும் குறைந்தது நாற்பது ஐம்பது செடி வளர்த்து, குருத்து வாடல் குறைந்தவற்றை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் தேடுகிற குணம் கையை விட்டுப் போய்விடும். நாலைந்து பட்டம் ஆகும். கடைசியில் நல்ல செடியின் பூவுக்கு உறை போட்டுத் தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டு விதை எடுத்தால் குணம் நிலைக்கும்.

கசப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்டுச் செடியைக் காக்கும் சரக்கில் ஒரு பகுதி கிளைக்கோஆல்கலாய்டு என்கிற நச்சு. அமெரிக்காவில் லெனாபே என்ற உருளைக்கிழங்கை ஒரு காட்டு உருளை இனத்தின் வம்சத்திலிருந்து உருவாக்கி 1967-ல் வெளியிட்டு, சோலனின் என்கிற அந்த வகை நச்சு அதிகம் என்று தெரிந்ததும் 1970-ல் திரும்பப் பெற்றார்கள். ஆகவே கலப்புச் செடியின் காயைக் கோசமல்லிக்கு எடுத்துப் போகுமுன், வேகவைத்த ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்து உடனே துப்புங்கள். கசந்தால் அந்தச் செடி எவ்வளவு புழு தாங்கினாலும் சமையலுக்கு இல்லை, அடுத்த கலப்புக்கு மட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வேலி போடுங்கள்.

கத்திரி மட்டுமல்ல. காட்டுத்துவரை என்று ஒரு கொடி புதர்களில் சுற்றிக்கொண்டிருக்கும், அதன் காயில் குட்டை மயிர் அடர்ந்திருப்பதால் பொரித்துவந்த காய்ப்புழுக் குஞ்சு தோலைத் தொட முடியாமல் மேலேயே தடுமாறும். அது பயிர்த்துவரையோடு கலக்கவும் செய்யும். பாசிப்பயறின் காட்டு வகை ஒன்றில், மடகாஸ்கரில் எடுத்தது, வண்டு துளைக்காத குணத்தை 1980-களில் கண்டுபிடித்தார்கள். பயறு டப்பாவைத் திறந்ததும் மாவாகக் கொட்டும் வீட்டுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். நரிப்பயறும் பாசிப்பயறின் காட்டுச் சொந்தம்தான், அது முளைத்த வரப்பைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காதீர்கள்.

விதை எடுத்தால் ஒரே செடியில் எல்லாப் பழத்தையும் பறிக்காமல் பாதியை விட்டுவிட்டு, நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், நாட்டு ரகங்களோடு பயிர்களின் காட்டுச் சொந்தங்களைக் காத்து, தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் விவசாயிக்கும் மரபணு நிதியிலிருந்து அங்கீகாரமும் பரிசும் பெறும் உரிமை கொடுத்திருக்கிறது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமோ செட்டிநாட்டில் உள்ள மானாவாரி ஆராய்ச்சி நிலையமோ உங்களுக்கு எது பக்கமோ அங்கே நோட்டையும் ஒரு கைப்பிடி விதையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். இரண்டு பட்டத்து எண்ணிக்கை கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வருடம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கலப்பு வேலைக்குள் போக வேண்டாம். கண்மாய்க் கரையில் மூன்று வெவ்வேறு இடத்தில் மஞ்சளாகப் பழுத்த காட்டுக்கத்திரி பறித்து, ஆடியில் நாற்று விட்டு, உங்கள் கத்திரி வரிசைக்கு நடுவில் இடத்துக்கு ஐந்து வீதம் பதினைந்து செடி வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த முள் குத்தினால் இரண்டு நாள் கடுக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று இடத்தின் பெயரையும் எழுதுங்கள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலையில் எண்ணுங்கள்.